மாதர் குலம் காத்த டாக்டர் ஐடா ஸ்கடர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பார்கள் நம் பெரியோர். அந்த மறுபிறப்பு ஒரு காலத்தில் எத்தனையோ தாய்மார்களுக்குக் கிட்டாமலே போயிற்று. அக்குறையைப் போக்கத் தம் வாழ்நாளையே ஈந்த ஒரு மாதரசியின் வரலாற்றை இங்கே காண்போம்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்குத் தொண்டு செய்ய வந்த மருத்துவர். தந்தையாரும் மருத்துவரே. ஐடா சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை, தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. கையைத் தூக்கவும் வலுவற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் அவர் ரொட்டியைப் பிட்டு ஊட்டினார். அந்தக் காட்சி அவர் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று. ஆகவே அமெரிக்காவில் படிக்கச் சென்றபோது, இனி இந்தியாவில் வாழ்வதில்லை என்றே உறுதி பூண்டிருந்தார்.

ஆனால் 1890களின் தொடக்கத்தில் தாயார் நோயுற்றதால் திண்டிவனத்துக்கு வர நேர்ந்தது. அங்கே ஓர் இரவு மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். முதலில் வந்தவர் ஓர் அந்தணர். அடுத்தவர் ஓர் இஸ்லாமியர். மூன்றாமவரும் உயர்குடி இந்துவே. மூவர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தம் தந்தையார் உடனே வருவார் என்றும் ஐடா எடுத்துச் சொன்னார். அந்நிய ஆடவர் பிரசவம் பார்ப்பது தங்கள் வழக்கத்துக்கு ஆகாது என்று கூறி மூவரும் தலை குனிந்து திரும்பினர். பொழுது விடிந்ததும் பறையொலி கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர். அன்றே ஐடா தம் எதிர்காலத்தை முடிவு செய்துவிட்டார்.

அந்தக் கணவன்மார்களை நாம் எளிதில் பழித்துவிடலாம். ஆயினும் அக்கால நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள், தோழியரே. அன்று ஊர்ப்புறங்களில் பிரசவம் பார்த்தவர் மருத்துவச்சியே. பெரும்பாலும் நாவிதர் குலத்து மூதாட்டி அவர். நள்ளிரவில் அழைத்தாலும் வருவார். வெந்நீர் வைப்பார், இடுப்பை நீவிவிடுவார், பிள்ளை பிறக்கும்வரை பக்கத்தை விட்டு அகலமாட்டார். தானியமோ, புடைவையோ கொடுத்ததைப் பெற்றுக் கொள்வார். எங்கள் அம்மிச்சிக்கும் வீட்டிலேதான் பிரசவம். தம் கையைப் பற்றிக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்த மருத்துவச்சியை இன்றும் வாயாரப் புகழ்வார்.

சுகப்பிரசவமாயின் மருத்துவச்சியின் கைத்திறன் போதும். பிள்ளை குறுக்கே கிடந்தாலோ, குருதிப்போக்கு நிற்காவிட்டாலோ அவரால் என்ன செய்ய இயலும்? கழுவாத கையால் தாய்க்குச் சூதிகா சுரம் வந்தது. துருப்பிடித்த அரிவாளால் கொப்பூழ்க்கொடியை அறுத்ததால் சிசுவுக்கு இசிவு நோய் வந்தது. அவ்வேளைகளில் அறுவை செய்யத் தெரிந்த மருத்துவர் வேண்டும். அவர் பெண்ணாகவும் இருக்க வேண்டும். திண்டிவனத்தில் அன்றிரவு இல்லாமற் போனது அந்த ஒருவர்தாம்.

ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் பயின்றார். கார்னெல் பல்கலைக்கழகம் முதன்முதலாக மருத்துவ வகுப்பில் பெண்களைச் சேர்த்தபோது அவரும் ஒருவராகச் சேர்ந்து, 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் வழங்கினார். 1900ஆம் ஆண்டில் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் ஐடாவின் மருத்துவப் பணி தொடங்கிற்று. தந்தையார் அவ்வாண்டே காலமானார். தனித்து நின்ற ஐடா தளரவில்லை. இரண்டே ஆண்டுகளில் 5,000 பேருக்கு மருத்துவம் செய்தார். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனைக்கு வர இயலாதவரை நாடி அவரே சென்றார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி நோயாளரைக் கவனித்தார். 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். ஆயினும் ஒருத்தி எத்தனை வீடுகளுக்குப் போக முடியும்? நம் நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று கருதி, மருத்துவப் பள்ளி தொடங்க அரசை அணுகினார். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்று நகைத்தார் உயர் அதிகாரி. 1918இல் வந்த விண்ணப்பங்களோ 151! அவற்றுள் 17 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முதலாண்டுத் தேர்வில் மாகாணத்து ஆண்களில் ஐவருக்கு ஒருவரே தேறியபோது, தேர்வெழுதிய வேலூர்ப் பெண்கள் அனைவரும் தேறினர்.

1938இல் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பாக உயர்த்த வேண்டும் என்று விதி வந்தபோது பள்ளியே மூடப்படும் ஆபத்து நேர்ந்தது. எழுபதை எட்டிய வயதில் ஐடா மீண்டும் அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். மணம் புரியாது தொண்டே வாழ்வாகக் கொண்ட அவர் 1960 மே மாதத்தில் கோடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார்.

இதே குறை நம் திருச்சபையின் கன்னியரையும் வருத்தியது. துறவறத்தார் பிரசவம் பார்க்கத் திருச்சபைச் சட்டம் அந்நாளில் இடந்தரவில்லை. டாக்டர் ஆக்னஸ் மக்லாரன், அன்னா டெங்கல் போன்றோரின் விடாமுயற்சியால் 1936இல் உரோமை அதற்கு இசைவளித்தது. அதன்பின் எத்தனையோ கன்னியர் மருத்துவராகவும் தாதியராகவும் தாய்மார்களைக் காத்து வருகின்றனர்.

இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடைபெறுகின்றன. நம் திருப்பூருக்கும் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கட்டடமும் கருவியும் வந்தன. ஆனால் அம்மிச்சி புகழும் அந்தக் கையின் கனிவும் உடன் வர வேண்டுமல்லவா? பனியன் கம்பெனி வேலைக்காக வட மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள் மொழி புரியாமல், பிரசவ வலியோடு யாரிடம் பேசுவது என்று மருண்டு நிற்கக்கூடும். அவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தும் உள்ளே நுழைய அச்சம். அந்த அச்சத்தைப் போக்குவதும் மருத்துவமே.

தோழியரே, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு மில்லுக்கும் கம்பெனிக்கும் போகும் பெண்கள் நம்மூரில் இன்னும் உண்டு. அவர்களில் எத்தனை மருத்துவர்கள், எத்தனை செவிலியர் மறைந்திருக்கிறார்களோ! 1918இல் யாரும் எதிர்பாராத 151 பெண்கள் விண்ணப்பித்தார்கள். நம்மிலும் அத்தகையோர் இருக்கிறார்கள். நாமும் படிப்போம்; நம் பக்கத்து வீட்டுத் தங்கையையும் படிக்க வைப்போம். நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது எழுந்து செல்லத் தகுதி பெற்ற பெண்களாக வளர்வோமாக!