ஸர் கே. எஸ். கிருஷ்ணன்

வைகையின் வடகரையிலே கோரிப்பாளையத்தில் விளங்கும் நம் அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, பின்னர் உலகப் புகழ் எய்தியோருள் பௌதிக நூல் வல்லுநராகிய கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் தலைசிறந்தவர். அவர் உழைத்துக் கண்ட விளைவை உலகம் நன்கு அறியும். அவரையோ அத்துணை அறியாது. ஆதலின் அவருடைய சரிதையை நாம் ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

1898 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4 ஆம் நாள், மேற்குமலை அடிவாரத்து வத்திராயிருப்பில் கிருஷ்ணன் பிறந்தார். உழவுத் தொழில் பூண்ட தந்தையார் தமிழிலும் வடமொழியிலும் பயிற்சி மிக்கவர். மைந்தர் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், நம் கல்லூரியிலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் முறையே கற்றுத் தேர்ந்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயன டிமான்ஸ்டிரேட்டராக அமர்ந்த காலத்தில், நண்பகல் ஓய்வு வேளையில் மாணாக்கர் பலர் அவரைச் சூழ்ந்து தம் ஐயங்களைப் போக்கிக்கொண்டனர். 1920 இல் கல்கத்தா சென்ற அவர், 1923 முதல் பேராசிரியர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சித் துணைவரானார்.

ஆங்கு அவர்கள் ஆராய்ந்தது திரவங்களில் ஒளி சிதறும் இயல்பு. கடைத்தெருவினுள் புகுந்து வெளிவரும் மாந்தருட் பெரும்பாலார் கைப்பொருள் குறையாமலே மீள்வர். யாரோ ஒருவர் மட்டும் ஒரு பொருள் வாங்கிப் பணம் குறைந்து வருவார். குறைந்த தொகையைக் கொண்டே அவர் எக்கடையில் நின்றார் என்பதை உய்த்துணரலாமன்றோ? ஒளித்துகள்களும் அத்தகையனவே. மூலக்கூறுகளின்மேல் மோதிச் சிதறுவனவற்றுள் மிக மிகச் சிலவே தம் ஆற்றலில் ஒரு பகுதியை அவற்றுக்கு ஈந்து, அவற்றை அதிரச் செய்து, நிறம் மாறி வெளிப்படுகின்றன. மீட்சியற்ற சிதறல் என்பது இதுவே.

இம்மெல்லொளி முன்னரும் காணப்பட்டதுண்டு. திரவத்திலுள்ள மாசினால் எழும் ஒளிர்வே அது என்று பலரும் கருதினர். கிருஷ்ணனோ திரவங்களைத் திரும்பத் திரும்ப வடித்துத் தூய்மை செய்தார், ஒளி மறையவில்லை. சூரிய ஒளியை ஒரு நிறக் கண்ணாடி வழியே செலுத்தி, அந்நிறத்தைத் தடுக்கும் மற்றொரு கண்ணாடி வழியே சிதறலை நோக்கினார். அப்பொழுதும் ஒளி தோன்றிற்று. 1928 பிப்ரவரியில் அவ்வொளி முனைவுற்றிருத்தலையும் கண்டார். மாசின் ஒளிர்வு என்னும் ஐயம் அதனால் அகன்றது. அறுபது திரவங்களில் இவ்வாறு கண்ட செய்தி, இராமன், கிருஷ்ணன் இருவர் பெயராலும் அவ்வாண்டு மார்ச் 31 இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. ஏறத்தாழ அதே நாட்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டெல்ஸ்டாமும் படிகத்தில் அதனையே கண்டனர்.

1930 இல் நோபெல் பரிசு இராமன் ஒருவருக்கே அளிக்கப்பெற்றது; விளைவும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. கிருஷ்ணனோ 1928 இறுதியிலேயே டாக்கா சென்று, படிகங்களின் காந்த இயல்பு என்னும் புதுத் துறையில் இறங்கிவிட்டார். அத்துறையில் அவர் ஆற்றிய பணி பெரிது. 1940 இல் லண்டன் ராயல் சொஸைட்டியார் அவரை உறுப்பினராக ஏற்றனர். 1942 இல் அலகாபாத்தில் பேராசிரியரானார். 1946 இல் ஸர் பட்டம் பெற்றார். 1947 இல் டெல்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக அமர்ந்தார். 1961 ஜூன் திங்களில் மண்ணுலகு நீத்தார்.

இன்று மருந்தின் தூய்மையை அறியவும், மணிக்கற்களின் மெய்ம்மையைத் தேரவும் அச்சிதறலே துணையாகின்றது. 2021 இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் அதனாற் பாறைகளை ஆராயும் கருவியைத் தாங்கிச் சென்றது.

மாணாக்க நண்பர்களே! திரவத்தைப் பன்முறை வடித்தல் எளிய பணியாகவும், சலிப்பூட்டுவதாகவும் தோன்றும். அப்பணியைக் குறையறச் செய்த கைகளுக்கே இயற்கை தன் மறைபொருளை வெளிப்படுத்திற்று. பெயர் தம்மைச் சேராதபொழுதும் உழைப்பினின்று விலகாதவர் ஒருவர் நாம் அமரும் இக்கல்லூரியில் அமர்ந்து கற்றார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.