ஊர்ப் பெயரை மறைத்த வீரன்: ரிக்கிடோசானும் எழுதி வைக்கப்பட்ட வெற்றிகளும்

பாடசாலைக் காலத்தில் என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. முன்பக்கத்திலிருந்து திறந்தால் கணிதம். பின்பக்கத்திலிருந்து திறந்தால் மல்யுத்தம். மல்யுத்த வீரர்களின் படம் போட்ட காட்களைச் சேர்த்து விளையாடிய தலைமுறை நாங்கள். நான் காட்களோடு நிற்கவில்லை. யாரோடு யார் மோதவேண்டும், யார் வெல்லவேண்டும், வென்றவனைப் பின்னால் வந்து கதிரையால் அடிப்பது யார், அந்தப் பகை எத்தனை மாதம் நீளவேண்டும் என்றெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதி வைப்பேன். இந்த வேலைக்கு அந்தத் தொழிலில் ‘புக்கிங்’ என்று பெயர் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

தொழில்முறை மல்யுத்தத்தில் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது. விழுவதும் அடிபடுவதும் உடம்புக்கு உண்மைதான். வெற்றியும் தோல்வியும் மட்டும் எழுதி வைக்கப்பட்டவை. அவற்றை எழுதுபவர்தான் புக்கர். எல்லாம் பொய் என்று எங்களைக் கேலிசெய்த அண்ணன்மார், அதே வாரத்தில் ஏதாவதொரு படத்தைப் பார்த்துக் கண்கலங்கியிருப்பார்கள். எழுதப்பட்டது என்பதற்காக ஒரு கதை ஆட்களை அசைக்காமல் விடுவதில்லை.

பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது, தொலைக்காட்சியின் வரலாறு பற்றிய விரிவுரையொன்றில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டினார்கள். இடம் டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையத்துக்கு முன்னாலுள்ள வெளி. காலம் 1950களின் நடுப்பகுதி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனிதத் தலைகள். எல்லோரும் உயரத்தில் வைக்கப்பட்ட ஒரு பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டில் தொலைக்காட்சி எப்படி வேர்விட்டது என்பதற்கான உதாரணம் அது. பெட்டியில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதுதான் என் கேள்வி. மல்யுத்தம் என்றார்கள். அன்றுதான் ரிக்கிடோசான் என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

அந்தப் பெயருக்கு முன்னர் அவருக்கு இன்னொரு பெயர் இருந்தது. 1924ஆம் ஆண்டு, இன்றைய வடகொரியாவிலுள்ள தென் ஹம்கியோங் மாகாணத்தில் பிறந்தபோது அவர் கிம் சின் ராக். கொரியா அப்போது ஜப்பானின் குடியேற்ற நாடு. கட்டுமஸ்தான அந்த இளைஞன் ஜப்பானுக்குச் சென்று சுமோ பயிற்சிக்கூடமொன்றில் சேர்ந்தான். 1940இல் களமிறங்கி, சுமோவின் மூன்றாவது உயர்ந்த தரமான செக்கிவாக்கே வரை உயர்ந்தான். 1950இல், சுமோ வீரனின் அடையாளமான தன் குடுமியைத் தானே அறுத்தெறிந்துவிட்டு அந்த உலகத்தை விட்டு வெளியேறினான். இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. கொரியன் என்பதால் வாய்ப்புகள் மறுக்கப்பட்டன என்ற மனக்கசப்பும் அவற்றில் ஒன்று. அதற்குள் அவர் நாகசாகிப் பகுதியைச் சேர்ந்த மொமோட்டா என்ற குடும்பத்தின் பெயரை ஏற்று, பத்திரங்களில் பிறவி ஜப்பானியர் ஆகியிருந்தார்.

1951 ஒக்டோபரில், ஜப்பானுக்கு வந்திருந்த அமெரிக்க மல்யுத்த வீரர் பொபி புரூன்ஸுடன் பத்து நிமிடங்கள் மோதியதுதான் அவருடைய முதல் தொழில்முறை ஆட்டம். அடுத்த ஆண்டு ஹவாய்க்குப் போய் முறையாகப் பயிற்சி பெற்றார். அங்கும் பின்னர் சான் பிரான்சிஸ்கோவிலும் மோதிய காலத்தில், பிடிகளோடு சேர்த்து அமெரிக்கர்கள் ஒரு நிகழ்ச்சியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதையும் அவர் கற்றுக்கொண்டிருக்கவேண்டும். 1953இல் ஜப்பானிய மல்யுத்தச் சங்கத்தைத் தொடக்கினார். இனி அவர்தான் வீரர், அவர்தான் முதலாளி. எதை எப்படி எழுதுவது என்ற முடிவும் அவருடையதே.

அவர் எழுதிய கதை எளிமையானது. போரில் தோற்று, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அமெரிக்கப் படைகளின் ஆக்கிரமிப்பில் இருந்து, 1952இல்தான் விடுபட்ட நாடு ஜப்பான். அந்த நாட்டின் மேடைக்கு மலைபோன்ற வெள்ளைக்காரர்களைக் கொண்டுவந்தார். அவர்கள் முதலில் விதியை மீறுவார்கள். கறுப்பு நீளக் காற்சட்டை அணிந்த ரிக்கிடோசான் பொறுத்துக்கொள்வார். மறுபடியும் பொறுத்துக்கொள்வார். கூட்டம் இனித் தாங்காது என்ற கட்டத்தில் கராட்டி வெட்டுகள் விழத் தொடங்கும். 1954 பெப்ரவரி 19ஆம் திகதி, டோக்கியோவின் குராமே அரங்கில், ஜூடோ மேதை மசாஹிக்கோ கிமுராவைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு ஷார்ப் சகோதரர்களுடன் அவர் மோதியது அப்படியொரு இரவு. வீடுகளில் தொலைக்காட்சி அரிதாக இருந்ததால், நிப்பொன் தொலைக்காட்சி நிறுவனம் சந்திகளிலும் ரயில் நிலையங்களிலும் பெட்டிகளை வைத்திருந்தது. நான் பார்த்த படத்திலிருந்த கூட்டம் இத்தகைய இரவுகளில் திரண்டதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்காவின் உருவமாக வந்து அடிவாங்கிய ஷார்ப் சகோதரர்கள் கனடாக்காரர்கள். ஜப்பானின் மானத்தை மீட்ட வீரர் கொரியர். மேடையில் யாருமே தாங்கள் சொல்லிக்கொண்ட ஆளாக இருக்கவில்லை. ஆனால் ரயில் நிலையத்தில் நின்றவர்களின் வலி உண்மையானது. அதைத் தொட்டவர் என்பதால்தான் ரிக்கிடோசானைத் தேர்ந்த புக்கர் என்கிறேன்.

அவருடைய மிகப் பெரிய பிழையும் அதே ஆண்டிலேயே நடந்தது. இருவர் அணி ஆட்டங்களில் அடிவாங்கி விழுவது பெரும்பாலும் கிமுரா. எழுந்துவந்து காப்பாற்றுவது ரிக்கிடோசான். ஜூடோவில் தனக்கு நிகர் இல்லாத மனிதர் கிமுரா. காசநோயால் வாடிய மனைவியின் மருந்துச் செலவுக்காகத் தொழில்முறைக்கு வந்தவர். நிஜமாக மோதினால் தானே வெல்வேன் என்று அவர் பத்திரிகைக்குச் சொல்ல, 1954 டிசெம்பர் 22ஆம் திகதி இருவரும் எதிரெதிராக நின்றார்கள். ஆட்டத்தைச் சமநிலையில் முடிப்பது என்பதே உடன்பாடு என்று கிமுரா பின்னாளில் சொன்னார். ஆனால் ஒரு கட்டத்தில் ரிக்கிடோசானின் அடிகள் நிஜமாயின. பதினாறு நிமிடத்துக்குள் கிமுரா இரத்தத்தில் கிடந்தார். கிமுராவின் கால் தன் கீழ்வயிற்றில் பட்டதால்தான் கோபம் வந்தது என்பது ரிக்கிடோசான் தரப்பு விளக்கம்.

என் கொப்பியில் இந்த ஆட்டம் இருந்திருந்தால் சமநிலையிலேயே முடிந்திருக்கும். இரக்கத்தினால் அல்ல, கணக்கினால். சமநிலை என்றால் மறு ஆட்டம் உண்டு. ஜப்பான் முழுவதும் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஓராண்டு வாதாடியிருக்கும். அதற்கும் மேலாக, மல்யுத்தம் தோற்கச் சம்மதிப்பவனின் நம்பிக்கையில் ஓடும் தொழில். என் கழுத்தை உன் கையில் தருகிறேன், உடைக்காமல் திருப்பித் தா என்பதுதான் அங்கே எழுதப்படாத ஒப்பந்தம். அன்று ரிக்கிடோசான் வென்றார். ஆனால் தன் ஆகச்சிறந்த எதிராளியை இழந்தார். 1993இல் இறக்கும்வரை கிமுராவுக்கு அந்த இரவு ஆறவில்லை.

லூ தெஸ் விடயத்தில் அவர் பொறுமையைக் கடைப்பிடித்தார். தெஸ் அக்காலத்தின் மிகப் பெரிய அமெரிக்கச் சம்பியன், உண்மையிலேயே பிடி தெரிந்தவர். 1957 ஒக்டோபரில் டோக்கியோவின் கொராக்குவென் மைதானத்தில் இருவரும் மோதிய அறுபது நிமிட ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அதைப் பார்த்தவர்கள் 87 வீதம் என்று அன்றைய கணிப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு ஓகஸ்ட்டில் லொஸ் ஏஞ்சல்ஸில் ரிக்கிடோசான் வென்றார். தோற்றுக்கொடுக்கச் சம்மதித்தவர் தெஸ். அவர்களுக்கிடையிலான மரியாதை கடைசிவரை நீடித்தது. முதலில் சமநிலை, பிறகு காத்திருப்பு, அதன் பிறகே வெற்றி. கிமுராவுக்கு மறுத்ததை அவர் தெஸ்ஸுக்குக் கொடுத்திருந்தார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில் தாரா சிங், கிங் கொங் என்ற பெயர்கள் இன்றும் வரும். ஹங்கேரியப் பின்னணி கொண்ட அதே கிங் கொங்கை வீழ்த்தித்தான் 1955 நவம்பரில் ரிக்கிடோசான் ஆசியச் சம்பியன் ஆனார். எங்கள் அப்பப்பாக்கள் கதையாகச் சொன்ன உலகமும் ஷிம்பாஷிக் கூட்டத்தின் உலகமும் அவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை.

1963ஆம் ஆண்டு அவர் உச்சத்தில் இருந்தார். ஷிபுயாவில் சொந்த விளையாட்டு மாளிகை இருந்தது. ஜயன்ட் பாபா, பிரேசிலில் கண்டெடுத்த அன்டோனியோ இனோக்கி என்று வருங்கால நட்சத்திரங்கள் அவரிடம் வளர்ந்தார்கள். மே மாதம் முகமூடி அணிந்த அமெரிக்கரான டெஸ்ட்ரோயருடன் அவர் மோதிய ஆட்டத்தை 64 வீதமானோர் பார்த்தார்கள். அந்த ஆண்டின் ஜனவரியில் அவர் சியோலுக்குப் போயிருந்தார். கொரியர்களுக்கு அவர் யார் என்பது தெரியும். அவரைத் தேடிக் கள்ளமாகக் கடல்கடந்து வந்து பிடிபட்ட கிம் இல் என்ற இளைஞனை மீட்டுத் தன் மாணவனாக்கியவர் அவர். ஜப்பானில் அவரை வழிபட்ட கோடிக்கணக்கானோருக்கோ அவர் இறந்து நெடுங்காலம் கழித்துத்தான் உண்மை பரவலாகத் தெரியவந்தது.

அவருடைய தொழிலில் பாதாள உலகத்தாரின் பணமும் செல்வாக்கும் கலந்திருந்தன. 1963 டிசெம்பர் 8ஆம் திகதி இரவு, அக்காசாக்காவிலுள்ள இரவு விடுதியொன்றில் யாகுசா குழு உறுப்பினர் ஒருவருடன் வாய்த்தர்க்கம் மூண்டது. வயிற்றில் கத்திக்குத்து விழுந்தது. சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகு நிலைமை மோசமாகி டிசெம்பர் 15ஆம் திகதி இறந்தார். வயது 39. எந்தப் புக்கரும் இப்படி எழுதமாட்டான். பெரிய எதிரி இல்லை, கூட்டம் இல்லை, மறு ஆட்டமும் இல்லை.

அவரோடு மோதிய டெஸ்ட்ரோயரின் கதை வேறுமாதிரிப் போனது. 1970களில் ஜப்பானில் குடியேறி, முகமூடியைக் கழற்றாமலேயே தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் தோன்றி வீட்டுப் பிள்ளைபோல ஆனார். 2017இல் ஜப்பானிய அரசு அவருக்கு உயர் விருது வழங்கியது. எதிரியாக வந்தவனை அந்த மக்கள் தங்களுள் ஒருவனாக ஏற்றுக்கொண்டார்கள். அவன் அணிந்திருந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த முகமூடி. அவர்களுடைய நாயகன் அணிந்திருந்தது யாருக்கும் தெரியாத முகமூடி.

மல்யுத்த மேடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் அறிவிப்பாளர் வீரனின் எடையையும் ஊரையும் பெயரையும் உரத்துச் சொல்வார். சிறுவயதில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் அது. வெளியூர்ப் பயணங்களில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது, எந்த ஊர் என்ற கேள்விக்கு அம்மாவின் குரல் இறங்கிப்போனதையும் அதே வயதில் கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துச் சொல்லவேண்டிய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது எங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் ரிக்கிடோசானை ஏமாற்றுக்காரர் என்று என்னால் எழுத முடியவில்லை. வெளியாளைக் காட்டிக் கூட்டத்தைச் சேர்ப்பது எவ்வளவு சுலபம் என்பதைக் காட்டிய மனிதர், தானும் அந்தக் கூட்டத்துக்கு வெளியாள்தான் என்ற பயத்தோடு ஒவ்வோர் இரவும் மேடையேறியிருக்கிறார்.

1995 ஏப்ரலில், அவருடைய மாணவர் இனோக்கி வடகொரியாவின் தலைநகரான பியோங்யாங்கில் இரண்டு நாள் மல்யுத்த விழா நடத்தினார். ஆசிரியர் பிறந்த நாட்டில், பிரமாண்டமான மே தின அரங்கில் அமெரிக்கரான ரிக் பிளேயருடன் தானே மோதினார். ஆசிரியர் எழுதாமல் விட்ட ஓர் அத்தியாயத்தை மாணவர் எழுதியதாகவே அதை நான் பார்க்கிறேன்.

அந்தப் பழைய கொப்பி இன்று என்னிடம் இல்லை. இருந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரே ஓர் ஆட்டத்தை எழுதுவேன். 1957, கொராக்குவென், ரிக்கிடோசான் எதிர் லூ தெஸ். முடிவை மாற்றமாட்டேன், அதே அறுபது நிமிடச் சமநிலைதான். அறிவிப்பாளரின் ஒரு வரியை மட்டும் மாற்றுவேன். நாகசாகி என்று சொல்லும் இடத்தில் ஹம்கியோங் என்று சொல்ல வைப்பேன். அதைக் கேட்ட பிறகும் கூட்டம் அவருக்காகக் கத்தியிருக்குமா என்பதை மட்டும் எந்தப் புக்கராலும் எழுதி வைக்க முடியாது. அதைக் கூட்டம்தான் தீர்மானிக்கவேண்டும்.