கதவுக்கு வெளியே உட்கார்ந்து படித்த மாணவன்



வருகிற ஜூன் மாதம் நம்ம சபையில் வேதபாட வகுப்பின் புதிய பருவம் தொடங்குகிறது. நடத்துகிற பொறுப்பு இந்த முறையும் என் மேலே. பேர் கொடுத்தவர்களின் பட்டியலை முன்னால வைத்து ஜெபித்தபோது, கர்த்தர் எனக்கு வில்லியம் சீமோரை ஞாபகப்படுத்தினார்.

சீமோர் 1870-ம் வருஷம் மே 2-ந் தேதி அமெரிக்காவில் லூயிசியானா மாநிலத்து சென்டர்வில் என்ற ஊரில் பிறந்தார். தாய் தகப்பன் இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலையானவர்கள். பெரியம்மை வந்து அவருக்கு இடது கண் போயிற்று. வாலிப நாட்களில் ஓட்டலில் பரிமாறிப் பிழைத்தார். ஆனாலும் தேவனைத் தேடுகிற தாகம் மட்டும் அடங்கவில்லை.

1905-ல் அவர் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் இருந்தார். அங்கே சார்லஸ் பர்ஹாம் என்ற வெள்ளைக்கார ஊழியர் வேதாகமப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். இதற்கு முன் டொபீக்கா நகரில் பர்ஹாம் நடத்திய வகுப்பில், மாணவர்கள் அப்போஸ்தலர் நடபடிகளை ஆராய்ந்து ஜெபித்தபோது, 1901 ஜனவரி முதல் நாளில் ஆக்னஸ் ஓஸ்மன் என்ற சகோதரி அந்நிய பாஷை பேசினார். பாருங்க, ஒரு வேதபாட வகுப்பிலேதான் அந்தப் பொறி விழுந்தது!

சீமோர் அந்தப் பள்ளியில் சேர ஆசைப்பட்டார். ஆனால் கருப்பரும் வெள்ளையரும் ஒரே அறையில் உட்கார்ந்து படிக்க அந்த ஊர்ச் சட்டமும் வழக்கமும் இடங்கொடுக்கவில்லை. பர்ஹாம் அவரைத் துரத்தவும் இல்லை, உள்ளே கூப்பிடவும் இல்லை. வெளியே நடையில் உட்கார்ந்து, திறந்த கதவு வழியாகக் கேட்டுக்கொள்ளச் சொன்னார். சீமோருக்கு அப்போது வயது 35. ஒரு சின்ன சபையைக் கவனித்துவந்த ஊழியர். எனக்கு இந்த அவமானம் வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். அவரோ போகவில்லை. கேட்டார், கற்றார்.

1906 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஒரு சபையார் அழைத்ததால் அங்கே போனார். அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தார். தனக்கே இன்னும் கிடைக்காத அபிஷேகத்தைப் பற்றி அவர் பேசியது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து வந்தபோது கதவிலே பூட்டு! ஹூஸ்டனில் பாதி திறந்த கதவு, இங்கே முழுதும் மூடிய கதவு.

அப்போதும் அவர் முறுமுறுக்கவில்லை. பானி பிரே தெருவில் ஒரு விசுவாசியின் வீட்டில் சிலரோடு ஜெபத்தில் தரித்திருந்தார். ஏப்ரல் 9-ந் தேதி அங்கே ஆவியானவர் இறங்கினார். மூன்று நாள் கழித்து சீமோரும் நிரப்பப்பட்டார். கூட்டம் பெருகவே, அசூசா தெரு 312-ம் எண் கட்டடத்துக்குப் போனார்கள். முன்பு ஆலயமாயிருந்து, பிறகு குதிரைலாயமாகப் போன கட்டடம். சீமோர் மரப்பெட்டிகளுக்குள் தலையை வைத்து ஜெபிப்பாராம். மூன்று வருஷமளவும் தினந்தோறும் ஆராதனை நடந்தது. அங்கே கருப்பரும் வெள்ளையரும் மெக்சிகரும் ஒன்றாக முழங்கால் போட்டார்கள். அங்கே அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார் தம்பதியர் நம்ம தேசத்துக்கு, கல்கத்தாவுக்கே வந்து 1907-ல் கூட்டங்கள் நடத்தினார்கள்.

1906 அக்டோபரில் பர்ஹாம் அசூசாவுக்கு வந்தார். தன்னை வெளியே உட்காரவைத்த ஆசிரியரை சீமோர் உள்ளே வரவேற்று மேடையிலே ஏற்றினார். பர்ஹாமோ நடப்பதைக் கண்டித்துப் பேசினார், இருவரும் பிரிந்தார்கள். பிற்பாடு கூட்டம் குறைந்துபோனது. ஆனாலும் சீமோர் 1922 செப்டம்பர் 28-ல் மரிக்கும்வரை அந்தச் சின்ன மந்தையை விடவேயில்லை.

இதை எழுதும்போது என் மனசு குத்துகிறது. சில வருஷத்துக்கு முன், எட்டாவது படித்தவர்கள்தான் வகுப்பில் சேரலாம் என்று நானே ஒரு சட்டம் போட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மா, செருப்பு விடுகிற இடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தேன். உள்ளே வாங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சில வாரத்தில் அவங்க வருவது நின்றுபோனது. பர்ஹாமைக் குற்றஞ்சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

ஆகவே இந்தப் பருவத்தில் அந்தச் சட்டம் கிடையாது. வாசிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில், வாசித்துக் காட்ட ஒருவர் உட்காருவார். அந்த அம்மா வீட்டுக்கு இந்த வாரம் நானே போகிறேன், மன்னிப்புக் கேட்க.

நீங்களும் வாங்க. கடைசி பெஞ்சு கிடைத்தாலும் வெட்கப்படாதீங்க. கதவுக்கு வெளியே இருந்தவனையே கர்த்தர் தெரிந்துகொண்டாரே! அல்லேலூயா. ஆமென்.