இந்தியைக் கட்டாயமாக்கிய அரசில் கல்வி அமைச்சர்... 18 வருஷம் கழித்து அதே இந்திக்கு எதிராக மறுப்புக் குறிப்பு! யார் இந்த குமாரமங்கலம் சுப்பராயன்?

திருச்செங்கோடுன்னு சொன்னதும் சிலருக்கு மலைமேல இருக்கும் அர்த்தநாரீஸ்வரர் ஞாபகம் வருவார். சிலருக்கு இந்தியா முழுக்கப் போகும் போர்வெல் வண்டிகள் ஞாபகம் வரும். அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது குமாரமங்கலம். அங்கே பிறந்த ஒருவர் 1956-ல் டெல்லியில் எழுதிக் கொடுத்த சில பக்கங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மும்மொழிக் கொள்கை, இந்தித் திணிப்பு என்று பேச்சு வரும்போதெல்லாம் 1938, 1965 என்ற இரண்டு வருஷங்களை எல்லோரும் சொல்வார்கள். நடுவில் இருக்கும் 1956 மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும். காரணம், அந்த வருஷம் தெருவில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நடந்தது ஒரு கமிட்டி அறையில்.

யார் இவர்?

டாக்டர் பி.சுப்பராயன். 1889 செப்டம்பர் 11-ல் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது சேலம் மாவட்டம். நாமக்கல் மாவட்டமாகப் பிரிந்ததெல்லாம் 1997-ல். சென்னையில் படித்து, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு போய், அயர்லாந்தின் டப்ளினில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பெயருக்கு முன்னால் இருக்கும் டாக்டர் அங்கிருந்து வந்தது. மருத்துவர் இல்லை.

மனைவி ராதாபாய், மங்களூரின் சமூக சீர்திருத்தவாதி குத்முல் ரங்கராவின் மகள். இளம் வயதில் விதவையானவர். அவரை சுப்பராயன் மறுமணம் செய்தது 1912-ல். சாதி வேறு, மொழி வேறு. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ராதாபாய் பின்னாளில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் இந்தியப் பெண்களுக்காகப் பேசியவர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.

கட்சியே இல்லாத முதல்வர்

1926 சென்னை மாகாணத் தேர்தலில் அதிக இடம் பிடித்தது சுயராஜ்யக் கட்சி. ஆனா அவர்கள் ஆட்சியில் உட்கார மாட்டோம் என்றார்கள். நீதிக்கட்சிக்குப் பலம் இல்லை. கவர்னர் கோஷன், சுயேச்சையாக இருந்த சுப்பராயனைக் கூப்பிட்டார். 37 வயதில் அவர் மாகாணத்தின் முதல் அமைச்சர் ஆனார். இப்போதைய கணக்கில் முதல்வர்.

முதல்வர் என்றதும் இன்றைய கோட்டை அதிகாரத்தை நினைக்கக் கூடாது. அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, உள்ளாட்சி மாதிரியான துறைகள்தான் அமைச்சர்கள் கையில். போலீசும் நிதியும் கவர்னர் பக்கம். சுப்பராயனுக்கோ சபையில் சொந்தக் கட்சி ஓட்டு என்று ஒன்றுகூட கிடையாது. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஆள் பிடித்துத்தான் ஆகணும்.

சைமன் கமிஷன் விவகாரத்தில் அமைச்சரவையே உடைந்தது. கமிஷனைப் புறக்கணிக்க வேண்டும் என்று சபை தீர்மானம் போட்டது. சக அமைச்சர்கள் இரண்டு பேர் அதற்கு ஆதரவு, சுப்பராயன் எதிர்ப்பு. 1928-ல் அந்த இரண்டு பேரும் வெளியே போனார்கள். புதிதாக உள்ளே வந்தவர்களில் ஒருவர் எஸ்.முத்தையா முதலியார். அரசு வேலையில் வகுப்புவாரி ஒதுக்கீட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்காக இன்றும் பேசப்படுபவர். ஒதுக்கீட்டுக்கான பெருமை முத்தையா முதலியாருக்கே போகட்டும், அது நியாயம்தான். நடந்தது யாருடைய அமைச்சரவையில் என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கலாம்.

1930 அக்டோபரில் ஆட்சி முடிந்தது. அதற்குப் பிறகு சுப்பராயன் சும்மா உட்காரவில்லை.

வைஸ்ராய் தடுத்த மசோதா

1932-ல் குருவாயூர் கோயிலை எல்லோருக்கும் திறக்கச் சொல்லி கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தி கேட்டுக்கொண்டதால் நிறுத்தினார். கோயில் திறக்காவிட்டால் அடுத்து நானே உண்ணாவிரதம் இருப்பேன் என்று காந்தி அறிவித்தார்.

இதில் சட்டச் சிக்கல் ஒன்று இருந்தது. அறங்காவலர்களே மனசு வைத்தாலும் கோயிலைத் திறக்க முடியாது. பழைய வழக்கத்தை மாற்றினால் யார் வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம். இந்த முட்டுக்கட்டையை எடுக்கத்தான் சுப்பராயன் சட்டசபையில் இறங்கினார். 1932 நவம்பரில் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்து மசோதா தயாரித்தார். ஊர் இந்துக்களில் பெரும்பான்மை ஓட்டு ஆதரவாக விழுந்தால் கோயிலைத் திறக்கலாம் என்பதுதான் அதன் சாரம்.

இந்த மாதிரி மசோதாவைச் சபையில் வைக்க வைஸ்ராயின் முன் அனுமதி வேணும். அந்த முடிவு வரட்டும் என்று காந்தி 1933 ஜனவரியில் தொடங்கவிருந்த உண்ணாவிரதத்தைத் தள்ளிவைத்தார். அதே மாதம் பதில் வந்தது: அனுமதி இல்லை. இது ஒரு மாகாணம் முடிவு செய்யும் விஷயம் இல்லையாம். டெல்லி சபையில் ரங்க ஐயர் கொண்டுவந்த இன்னொரு மசோதாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. கடைசியில் அதுவும் நிறைவேறவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். ரங்க ஐயரின் மசோதாவை அம்பேத்கர் ஆதரிக்கவில்லை. தீண்டாமையே பாவம் என்று சொல்லாமல், கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று ஊர்க்காரர்களிடம் ஓட்டுக் கேட்பது என்ன நியாயம் என்பது அவர் தரப்பு. இன்று படித்தாலும் அந்தக் கேள்வியில் பலம் இருக்கிறது. சுப்பராயனின் மசோதாவும் பெரும்பான்மை ஓட்டை நம்பியதுதான்.

1938: வரலாற்றில் விழுந்த கறை

சுப்பராயன் காங்கிரஸில் சேர்ந்தார். 1937-ல் ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் துறைகள். 1938 ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடம் ஆனது. மாகாணமே கொதித்தது. பெரியார் சிறைக்குப் போனார். நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து மார்ச்சிலும் காவலில் இருந்தபோது உயிரிழந்தார்கள்.

இந்தித் திட்டத்தின் முகம் ராஜாஜிதான். ஆனா கல்வித் துறை இருந்தது சுப்பராயன் கையில். அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க முடியாது. அமைச்சரவை 1939 அக்டோபரில் பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் கவர்னர் எர்ஸ்கின் கட்டாயத்தை நீக்கினார்.

அப்பா உள்துறை, பிள்ளைகள் கம்யூனிஸ்ட்

சுதந்திரம் வந்த சமயத்தில் ஓமந்தூரார் அமைச்சரவையில் சுப்பராயன் உள்துறை அமைச்சர். அதாவது போலீஸ் அவரிடம். வீட்டிலோ மகன் மோகன் குமாரமங்கலமும் மகள் பார்வதியும் கம்யூனிஸ்ட்கள். ஜமீன்தாரி ஒழிப்பைக் கொண்டுவந்ததும் அதே ஓமந்தூரார் அரசுதான். இவரோ ஜமீன்தார். மூத்த மகன் பரமசிவம் ராணுவத்தில். 1966-ல் தரைப்படைத் தளபதியானார். இப்படி ஒரு குடும்பத்தை சினிமாவில் வைத்தால் ஓவராக இருக்கு என்பார்கள்.

இதற்கு நடுவே அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியாவுக்குத் தூதர் என்று ஓடிவிட்டு, 1954-ல் மாநிலங்களவைக்குப் போனார். அதே 1954-ல் அதே அவைக்குப் பார்வதி கிருஷ்ணனும் வந்தார். அப்பா காங்கிரஸ், மகள் கம்யூனிஸ்ட். 1957-ல் இருவருமே மக்களவைக்கு மாறினார்கள்: அவர் திருச்செங்கோட்டிலிருந்து, மகள் கோவையிலிருந்து.

சரி, அந்த மறுப்புக் குறிப்பு?

அரசியல் சட்டப்படி ஆங்கிலத்துக்கு 15 வருஷம்தான் அவகாசம். 1965 ஜனவரி 26 அன்று கெடு முடியும். அதற்குள் இந்தியை எப்படிக் கொண்டுவருவது என்று பரிந்துரைக்க ஒரு கமிஷன் போடச் சொல்கிறது 344-வது பிரிவு. 1955 ஜூனில் பம்பாய் முன்னாள் முதல்வர் பி.ஜி.கேர் தலைமையில் ஆட்சிமொழிக் கமிஷன் அமைந்தது. மாநிலங்களவை உறுப்பினரான சுப்பராயனும் அதில் ஒருவர்.

1956-ல் அறிக்கை தயாரானது. போக்கு தெளிவாக இருந்தது: 1965-க்கு நாடு தயாராகணும், உயர்நிலைப் பள்ளிகளில் எல்லோருக்கும் இந்தி கட்டாயம். இந்திக்காரப் பிள்ளைகள் பதிலுக்கு ஒரு தென்னிந்திய மொழியைக் கட்டாயமாகப் படிக்கணும் என்று மட்டும் அறிக்கை சொல்லவில்லை.

இதில் உடன்படாமல் இரண்டு பேர் தனித்தனியாக எழுதிக் கொடுத்தார்கள். ஒருவர் வங்க மொழியியல் அறிஞர் சுனிதி குமார் சாட்டர்ஜி, அப்போது மேற்கு வங்க மேலவைத் தலைவர். இன்னொருவர் சுப்பராயன்.

மறுப்புக் குறிப்பு என்றால் என்ன? கமிட்டியில் பெரும்பான்மை சொல்வதுதான் அறிக்கை. ஒத்துப்போகாத உறுப்பினர் தன் காரணத்தை எழுதிக் கொடுக்கலாம். அது அறிக்கையோடேயே அச்சாகும். வக்ஃப் மசோதா கூட்டுக்குழுவில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் கொடுத்தார்களே, அதே வகை. முடிவை அது மாற்றாது. ஆனா அடுத்து அந்த அறிக்கையைத் திறக்கும் ஒவ்வொருவரும் அதையும் பார்த்தாகணும்.

சுப்பராயனின் வாதம் உணர்ச்சிப் பேச்சு இல்லை. இந்தி வந்தால் மத்திய அரசுத் தேர்விலும் வேலையிலும் அதைத் தாய்மொழியாகப் பேசுபவர் முன்னால் நிற்பார், சேலத்துப் பையனும் கல்கத்தாப் பையனும் பின்னால் நிற்பார்கள். அவசரப்பட்டால் நாட்டின் ஒற்றுமையே ஆட்டம் காணும், அதனால் ஆங்கிலம் தொடரட்டும். சுருக்கமாக இதுதான். மொழி அரசியலைத் தமிழ்ப் பெருமையாக மட்டும் பேசிப் பழகிய நமக்கு, வேலைவாய்ப்பு பற்றிய இந்தக் கணக்கு கொஞ்சம் வறட்சியாகத் தோன்றலாம். ஆனா டெல்லியில் கேட்க வைக்கக்கூடிய வாதம் அதுவாகத்தான் இருந்தது.

1938-ல் செய்ததற்கு இது பிராயச்சித்தமா? அவர் மனசுக்குள் போய்ப் பார்க்க முடியாது. ராஜாஜியும் அதே 1950-களில் ஆங்கிலம் தொடரணும் என்ற பக்கம் வந்துவிட்டார் என்பதை மட்டும் சேர்த்துப் பார்க்கலாம்.

அப்புறம் என்ன ஆச்சு?

கமிஷன் அறிக்கையை ஆராய 30 எம்.பி.க்கள் கொண்ட நாடாளுமன்றக் குழு, கோவிந்த் வல்லப பந்த் தலைமையில் உட்கார்ந்தது. 1965-க்குப் பிறகும் ஆங்கிலம் துணை மொழியாக இருக்கலாம் என்று 1959-ல் அது சொன்னது. அந்த ஆகஸ்ட் 7-ல் நேரு மக்களவையில் வாக்குறுதி கொடுத்தார்: இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும். இதெல்லாம் அந்த இரண்டு குறிப்புகளால் மட்டும் நடந்தது என்று சொன்னால் அது மிகை. தெற்கிலும் வங்கத்திலும் எழுந்த எதிர்ப்புதான் பெரிய காரணம். ஆனா அந்த எதிர்ப்பு, அரசின் சொந்த ஆவணத்துக்குள்ளேயே பதிவாகியிருந்தது.

1959-லிருந்து 1962 வரை சுப்பராயன் மத்திய போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர். எஸ்.டி.டி. ஞாபகம் இருக்கா? நாட்டின் முதல் எஸ்.டி.டி. இணைப்பு, லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, 1960-ல் இவர் காலத்தில் வந்ததுதான். இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவராகவும் முன்பு எட்டு வருஷம் இருந்திருக்கிறார்.

1962 ஏப்ரலில் மகாராஷ்டிர கவர்னர் ஆனார். அதே வருஷம் அக்டோபர் 6-ல், பதவியில் இருக்கும்போதே இறந்தார். வயது 73.

ஆட்சிமொழிச் சட்டம் அடுத்த வருஷம் 1963-ல் வந்தது. ஆங்கிலம் தொடரலாம் என்றுதான் அதில் இருந்தது. தொடரும் என்று இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பாத தமிழ்நாடு 1965-ல் தெருவுக்கு வந்தது. 1967 டிசம்பரில் திருத்தம் நிறைவேறியது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் எல்லாம் தீர்மானம் போட்டால் ஒழிய ஆங்கிலத்தை எடுக்க முடியாது என்ற அந்த ஏற்பாடு இன்றும் அமலில் இருக்கிறது.

அவர் ஜெயித்த திருச்செங்கோடு மக்களவைத் தொகுதி இப்போது இல்லை. 2008 மறுசீரமைப்பில் அது மறைந்து, 2009 தேர்தலிலிருந்து நாமக்கல் தொகுதி.