கிதாருக்கு உருவம் தந்த தச்சர்

மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் வீணை இருந்த கூடத்தின் மூலையில் இப்பொழுது கிதாரும் இடம் பெற்றுவிட்டது. பாட்டிமார் அதனை முதலில் ஐயத்துடன் நோக்கியிருக்கலாம். பேரப்பிள்ளைகளோ அதன்மேல் கவிழ்ந்தே கிடக்கின்றனர். வீணையைப் பற்றி நாம் ஓரளவு அறிவோம். தஞ்சையில் பலா மரத்தைக் குடைந்து குடம் செய்வதும், மெழுகில் மெட்டுப் பதிப்பதும் நம்மவர்க்குப் புதுமையல்ல. ஆனால் கிதார் என்னும் இந்த அந்நியக் கருவிக்கு இன்றுள்ள உருவைத் தந்தவர் யார் என்று கேட்டால், நன்றாக வாசிப்போர்கூடப் பெரும்பாலும் மௌனமே சாதிப்பர். அவர் ஓர் ஏழைத் தச்சர். அந்தோனியோ தெ தொர்ரெஸ் என்பது அவர் பெயர். அவருடைய வாழ்க்கையை நம் சங்க மலரில் எழுத முற்பட்டதற்குக் காரணம் உண்டு. அவரும் நம்மைப் போன்றே பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டுப் புறப்பட்டவர்.

ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலோரம், அல்மேரியா என்னும் நகரம் உளது. அதன் அருகில் ஒரு சிற்றூரில் 1817 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 13 ஆம் நாள் தொர்ரெஸ் பிறந்தார். தந்தையார் வரி வசூலிக்கும் சிறு பதவியில் இருந்தவர். பன்னிரண்டாம் வயதில் சிறுவனைத் தச்சுப் பட்டறையில் விட்டனர். 1835 இல் திருமணம் நடந்தது. அப்பொழுது அவருக்குப் பதினெட்டு வயதே. குழந்தைகள் மூவர் பிறந்தனர். இருவரை எமன் கொண்டு சென்றான். கடன் கழுத்தை நெரித்தது. 1845 இல் மனைவியும் காசநோயால் இருபத்து மூன்று வயதிலேயே மறைந்தார். இருபத்தெட்டு வயதுக்குள் ஒரு மனிதர் இத்தனையும் கண்டுவிட்டார்.

செவில்லா என்னும் பெருநகரம் அவரை ஈர்த்தது. தாராவியின் தோல் பட்டறைகளை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோருக்கு அவர் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. கையில் தொழில் இருந்தது. உண்ணச் சோறு வேண்டும். வேறு சிந்தனைக்கு இடமேது? நெடுநாள் தச்சராகவே உழைத்தார். 1850 ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் கிதார் செய்வதையே முழுத் தொழிலாக மேற்கொண்டார். அல்மேரியாப் பகுதியைச் சேர்ந்த ஹூலியன் ஆர்காஸ் என்ற புகழ்பெற்ற வாத்தியக்காரரே அவரை அதில் ஊக்கியவர் என்பர்.

அக்காலத்துக் கிதார் சிறியது, குரலும் மெலிந்தது. வீட்டு முற்றத்திலும் சத்திரத்திலும் பாட்டுக்குத் துணையாக இசைக்க அது போதும். பெரிய மண்டபத்தில் தனித்து நின்று ஒலிக்க வலுவில்லை. தொர்ரெஸ் செய்தது என்ன? உடலின் கீழ்ப்பாகத்தை அகலமாக்கினார். கம்பி அதிரும் நீளத்தை 650 மில்லிமீட்டர் அளவில் நிலைப்படுத்தினார். மேற்பலகையை மிக மெல்லியதாக இழைத்தார். அப்பலகைதான் கிதாரின் உயிர். கம்பி அதிர, குதிரை அசைய, குதிரையோடு பலகை அசைந்தால்தான் காற்றில் ஒலி எழும். தடித்த பலகை அசையாது. மெல்லிய பலகையோ கம்பிகளின் இழுப்புத் தாங்காமல் குழிந்துவிடும். இந்த இரண்டு இடர்களுக்கும் நடுவே வழி காண்பதே தொழில் நுட்பம். அவர் பலகையைச் சற்றே கவிகை போல் வளைத்து, அடியில் ஏழு மெல்லிய மரச் சட்டங்களை விசிறி மடிப்புப்போல் விரித்து ஒட்டினார். கனமின்றியே பலகைக்கு உறுதி கிடைத்தது.

விசிறிச் சட்டத்தை அவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது பொருந்தாது. காதிஸ் நகரத்துத் தொழிலாளர் 18 ஆம் நூற்றாண்டிலேயே அதனைக் கையாண்டுள்ளனர். சிதறிக் கிடந்த நல்ல முறைகளையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் அளவில் சேர்த்தமையே இவர் பெருமை. நம் கண்ணுக்கு அது புதிதாய்க் கண்டுபிடிப்பதினும் அரிய செயலாகவே தோன்றுகிறது.

1858 இல் செவில்லாவில் நடந்த பொருட்காட்சியில் அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. 1862 இல் அவர் செய்த ஒரு காரியம் இன்றும் வியப்பூட்டுவது. மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் இழைத்து, முதுகையும் விலாவையும் காகித அட்டையால் அமைத்து ஒரு கிதார் செய்தார்! தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைக் காகிதக் கூழால் செய்வது நாம் அறிந்ததே. வாத்தியத்தை அவ்வாறு செய்யத் துணிந்தவர் யார்? விலையுயர்ந்த மரத்தின் பகட்டில் நாதம் இல்லை, மேற்பலகையில்தான் உள்ளது என்பதை வாதத்தால் அன்றிக் கருவியாலேயே மெய்ப்பித்துக் காட்டினார்.

1869 இல் தாரெகா என்ற பதினாறு பதினேழு வயது இளைஞன் ஒரு கிதார் வாங்க அவரிடம் வந்தான். பின்னாளில் கிதார் உலகின் ஆசானாகப் போற்றப்பட்டவன் இவனே. தொர்ரெஸ் முதலில் ஓர் எளிய கருவியைத் தந்தாராம். பையன் வாசித்ததைக் கேட்டதும் உள்ளே சென்று, 1864 இல் செய்து தமக்கென வைத்திருந்த கிதாரை எடுத்து வந்து கொடுத்தாராம். அக்கருவியைத் தாரெகா பல்லாண்டு வாசித்தார்.

இத்தகைய கைக்கு இலக்குமி அருள் கிட்டியதா? இல்லை. 1868 இல் மறுமணம் செய்துகொண்ட தொர்ரெஸ், 1870 ஐ ஒட்டி ஊருக்கே திரும்பிப் பீங்கான், கண்ணாடிப் பாத்திரக் கடை வைத்தார். உலகிலேயே சிறந்த கிதார் செய்தவர் கோப்பையும் தட்டும் விற்றார்! 1875 ஐ ஒட்டி மீண்டும் உளி எடுத்தார். அதன்பின் கருவியினுள் ஒட்டிய சீட்டுகளில் இரண்டாம் காலம் என்று பொறித்து எண்ணும் இட்டார். பகலில் கடை, எஞ்சிய பொழுதில் கிதார். சைப்ரஸ் மரத்தாலான எளிய கிதார்களையும் செய்தார். அவற்றின் மேற்பலகையிலும் அவர் அக்கறை குறையவில்லை.

முதுமையில் கை நடுங்கியதால், பழக்கமான ஒரு பாதிரியார் சிறு துண்டுகளை ஒட்டுவதற்கு உதவினார் என்பர். அப்பாதிரியார் பிற்காலத்தில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். விருந்தொன்றில் பெரியோர் சிலர் தொழில் இரகசியத்தைக் கல்லறைக்குக் கொண்டு போக வேண்டாம் என்று அவரை வேண்டினராம். அதற்கு அவர், விட்டுச் செல்ல விரும்பினாலும் தம்மால் இயலாது என்றார். பலகையைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்துப் பார்த்தால் அது பக்குவமாயிற்றா என்று விரல் நுனியே அறிவுக்குச் சொல்லும், அதனைப் பிறர்க்கு எடுத்துரைப்பது எவ்வாறு என்றார். கருவாட்டுக் குழம்பில் உப்புப் பதம் சொல்லும் நம் அன்னையரும் இதற்குமேல் விளக்கியதில்லை. 1892 நவம்பர் 19 அன்று அல்மேரியாவில் அவர் காலமானார்.

ஆனால் இரகசியம் முழுதும் புதைந்துவிடவில்லை. அவர் செய்த கருவிகளே ஆசிரியராயின. மாட்ரிட் நகரத்து மானுவேல் ராமிரெஸ் பட்டறை அவற்றைப் பின்பற்றி 1912 இல் செய்த கிதாரைச் செகோவியா உலகமெங்கும் ஏந்திச் சென்றார். ஜெர்மனியின் ஹெர்மன் ஹவுஸர் 1937 இல் அவருக்குச் செய்த கிதாரும் அவ்வழியினதே. இரண்டும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளன. ரொமானில்லோஸ் என்ற ஸ்பானியக் கைவினைஞர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு கிதார் செய்ததோடு, தொர்ரெஸ் செய்த கிதார்களைத் தேடி அளந்து 1987 இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். தொர்ரெஸ் செய்தவை ஏறத்தாழ 320 இருக்கும் என்பது அவர் மதிப்பீடு. அவர் தந்த அளவுகளை வைத்தே இன்று பல நாட்டினர் அவ்வுருவைக் கையால் செய்கின்றனர்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. முன்னர் பிரேசிலின் ஈட்டி மரமே முதுகுக்கும் விலாவுக்கும் சிறந்ததாகக் கருதப்பட்டது. அதன் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டு, 1992 இல் உலக வாணிபமும் தடுக்கப்படவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தோதகத்தி அவ்விடத்தைப் பெற்றது. நம் பிள்ளைகள் மடியில் தாங்கும் விலையுயர்ந்த ஸ்பானியக் கிதாரின் முதுகு, நீலகிரிச் சாரலில் வளர்ந்ததாகவும் இருக்கக்கூடும். காகித அட்டைக் கிதாரோ பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது. பணியின் பொருட்டு அந்நகர் செல்லும் நம் இளைஞர்கள் ஒருமுறை சென்று கண்டு வரலாம்.