கோடு போட்டுக் கிருமியைச் சோதித்தவர்

அலெக்சாண்டர் பிளெமிங் 1881-ல் ஸ்காட்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கப்பல் கம்பெனி குமாஸ்தாவாக இருந்துவிட்டு, அப்புறம்தான் டாக்டருக்குப் படித்தார். 1928-ல் அவர் பூஞ்சையில் பெனிசிலினைக் கண்டுபிடித்தது நமக்கெல்லாம் தெரியும். அதுக்கு அடுத்து செய்த வேலைதான் பலருக்குத் தெரியாது.

நம்ம லேபில் கம்பிகளை இழுத்து வலிமையை ஒப்பிடுகிறோம் அல்லவா? அதுபோல, அகார் தட்டில் வாய்க்கால் வெட்டிப் பெனிசிலினை நிரப்பினார். அதிலிருந்து குறுக்காகப் பலவகைக் கிருமிகளைக் கோடு கோடாகத் தடவினார். நிமோனியாக் கிருமி தூரத்திலேயே நின்றுவிட்டது. மூச்சுப்பாதையில் வாழும் இன்புளுயன்சா பேசில்லஸோ மருந்தின் கரை வரைக்கும் வளர்ந்தது! இதை 1929-ல் கட்டுரையாக வெளியிட்டார்.

1945-ல் ஃப்ளோரி, செயின் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். அளவு குறைத்து மருந்து சாப்பிட்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று நோபல் உரையிலேயே எச்சரித்தார். 1955-ல் மறைந்தார்.

இன்றும் சளிப் பரிசோதனையில், கிருமி தடவிய தட்டில் மருந்து தோய்த்த வட்டத் தாள்களை வைத்து, எது கேட்கும், எது கேட்காது என்று ஒப்பிடுகிறார்கள். அவர் பயந்தது நடந்தேவிட்டது. ஆகவே நண்பர்களே, டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. சொன்ன நாள் வரைக்கும் விடாமல் சாப்பிடுங்க!