கவாத்தும் கலாசாலையும்

எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் காலை ரயிலேறிப் பட்டணத்துக் கல்லூரிகளுக்கு வரும் வாலிபர்களிடையே, காக்கி உடுப்பும் கனத்த பூட்ஸும் தரித்த சிலரைப் பார்ப்பது நமக்குப் பழக்கமாய்விட்டது. தேசீய மாணவர் படையில் சேர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய தகப்பனார்களில் பலர் துறைமுகத்திலோ, காசிமேட்டு மீன்துறையிலோ, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலோ உழைப்பவர்கள். பிள்ளை பட்டம் பெற்றுக் குடும்பத்தை நிமிர்த்துவான் என்ற ஒரே நம்பிக்கையில் சம்பளம் கட்டுகிறவர்கள். பத்து நாள் முகாம் என்று பிள்ளை மூட்டை கட்டும்போது, பாடம் என்ன ஆவது என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு உபதேசம் செய்வதைவிட, அதே நிலையில் இருந்த ஒரு மாணவரின் சரித்திரத்தைச் சொல்வது மேல் என்று கருதுகிறோம்.

ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆனால் எழுதுவோரில் பெரும்பாலோர், 1941-ம் வருஷம் ஜனவரியில் கல்கத்தா வீட்டிலிருந்து அவர் மறைந்து சென்ற இரவிலேதான் கதையைத் தொடங்குகிறார்கள். நாம் அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முன்னே செல்ல விரும்புகிறோம்.

1897 ஜனவரி 23-ந் தேதி ஒரிஸ்ஸாவிலுள்ள கட்டாக்கில் அவர் பிறந்தார். தகப்பனார் ஜானகிநாத் போஸ் பெயர் பெற்ற வக்கீல். பதினான்கு குழந்தைகளில் இவர் ஒன்பதாவது. 1913-ல் பிரவேசப் பரீட்சையில் சர்வகலாசாலை முழுவதற்கும் இரண்டாவதாகத் தேறி, கல்கத்தா ராஜதானிக் கல்லூரியில் சேர்ந்தார். இதுவரையில் எந்தத் தகப்பனாரும் குறை சொல்ல இடமில்லாத பிள்ளை. இடையில் ஒரு கோடை விடுமுறையில் குருவைத் தேடி வீட்டைவிட்டுப் போய், குரு கிடைக்காமல் திரும்பி, விஷ ஜுரத்தில் படுத்தார் என்பதை மட்டும் தள்ளிவிட வேண்டும்.

1916-ல் இடி விழுந்தது. சரித்திரப் பேராசிரியராயிருந்த ஓட்டன் என்ற ஆங்கிலேயர் மாணவர்கள் மீது கைவைத்தார் என்று வேலைநிறுத்தம் நடந்தது. அடுத்த மாதம் அவரே கல்லூரி மாடிப்படியருகில் அடிபட்டார். விசாரணைக்கு ஸர் ஆசுதோஷ் முகர்ஜி தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. அதன் முன் நின்ற சுபாஷ் அச்செயல் நியாயமா என்று கேட்கப்பட்டபோது, அதை நிபந்தனையின்றிக் கண்டிக்காமல், மாணவர்களுக்கு நேர்ந்த குறைகளையே எடுத்துரைத்தார். வக்கீல் தொழில் செய்த நமக்கு இது நன்றாக விளங்குகிறது: ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பார். அவர் சொல்லவில்லை. கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார், சர்வகலாசாலையின் வேறு எந்தக் கல்லூரியிலும் சேர இயலாதபடியும் ஆயிற்று. பத்தொன்பது வயதில், படிப்பு முடிந்துவிட்டதென்றே ஊரார் எண்ணிய நிலையில், கட்டாக்குக்குத் திரும்பினார். அங்கே காலராவிலும் அம்மையிலும் கிடந்தவர்களுக்குப் பணிவிடை செய்து நாளைப் போக்கினார்.

பின்னர்க் கல்கத்தாவுக்கு வந்தபோது அவர் செய்த காரியம் பலருக்கும் தெரியாதது. ஐரோப்பிய யுத்தத்துக்கென வங்காளிகளைக் கொண்டு 49-வது வங்காளப் பட்டாளம் திரட்டப்பட்டு வந்தது. அதில் சிப்பாயாகச் சேர மனுச் செய்தார். கண்பார்வை குறைவு என்று வைத்தியர் தள்ளிவிட்டார். பிற்காலத்தில் ஒரு சேனைக்கே அதிபதியானவரைச் சாதாரணச் சிப்பாயாகவும் ஏற்க இயலாதென்று திருப்பியனுப்பியது ஒரு மூக்குக்கண்ணாடி!

இந்த இடத்தில் அக்காலத்துச் சட்டத்தைச் சற்றுக் கூறாவிட்டால் விஷயம் விளங்காது. தொண்டர் படைகள் என்ற பகுதி நேரப் பட்டாளங்கள் இந்தியாவில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தன. ஆனால் அவை ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்கும் உரியவை. சுதேசிகளுக்கு அங்கே இடமில்லை என்றே சொல்லலாம். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டமோ லைசென்ஸின்றித் துப்பாக்கியைத் தொடுவதையே குற்றமாக்கியது. நம் சென்னையில் 1887-ல் கூடிய மூன்றாவது காங்கிரஸ் இவ்விரண்டையும் மாற்ற வேண்டுமென்றும், இந்தியருக்கு ராணுவக் கல்லூரிகள் ஏற்பட வேண்டுமென்றும் தீர்மானம் செய்தது. சர்க்கார் செவிசாய்க்கவில்லை. அதன் பலனை நமது துறைமுகத்தார் 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு கண்ணாரக் கண்டார்கள். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் கடலில் நின்றபடி பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் மேல் நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து, தீ வானளாவ எரிய விட்டுச் சென்றது. ராயபுரத்து ஜனங்களும் ஜார்ஜ் டவுன் ஜனங்களும் பெண்டு பிள்ளைகளுடன் ஊரைவிட்டு ஓடினார்கள். எதிர்த்து நிற்கப் பழக்கப்படாத ஜனங்கள் ஓடாமல் வேறென்ன செய்வார்கள்? எம்டன் என்ற பெயர் மட்டும் நம் பாஷையில் தங்கிவிட்டது.

யுத்தம் நீடித்து ஆள் குறைந்த பிறகே 1917-ல் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம் வந்தது. ஐரோப்பியப் பிரஜைகளுக்குக் கட்டாயம், இந்தியருக்கு இஷ்டம். இந்தியப் பிரிவில் மாணவர்களைக் கொண்டு கல்கத்தா சர்வகலாசாலை ஒரு கம்பெனி திரட்டிற்று.

அவ்வாண்டு ஜூலையில்தான் சுபாஷுக்குக் கலாசாலைக் கதவு மீண்டும் திறந்திருந்தது. தமையனார் சரத் சந்திரரின் உதவியாலும், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரித் தலைவர் அர்குஹார்ட்டின் தாராள மனத்தாலும், மூன்றாம் வகுப்பில் தத்துவ சாஸ்திரம் சிறப்புப் பாடமாக எடுத்துச் சேர்ந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் வீணாயிற்று. இனியாவது புத்தகத்தை விட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்றுதான் எந்தப் பெற்றோரும் சொல்வார்கள். அவர் சேர்ந்த சில மாதத்துக்கெல்லாம் சர்வகலாசாலைக் கம்பெனிக்குப் பெயர் கொடுத்தார். இங்கே கண் பரிசோதனை அவ்வளவு கடுமையாக இல்லை.

முதல் நாள் வில்லியம் கோட்டைக்கு அவர்கள் போன காட்சி சிரிப்புக்கிடமானது. வேஷ்டி கட்டியவர் சிலர், கால்சட்டை அணிந்தவர் சிலர், இரண்டையும் கலந்தவர் சிலர். பெரும்பாலோர் தலையில் ஒன்றுமில்லை. கோட்டையிலிருந்த வெள்ளைக்காரப் போதகர்கள் இப்படிப்பட்ட புத்தகப் புழுக்களைச் சிப்பாய்களாக்க முடியாதென்றே முதலில் தீர்மானித்துவிட்டார்கள். இவர்களுக்கு அதிகாரியாக வந்தவர் காப்டன் கிரே என்ற ஸ்காட்லாந்துக்காரர். சாதாரணச் சிப்பாயாயிருந்து படிப்படியாய் உயர்ந்தவர். பேச்சு கரடுமுரடு; மனம் தங்கம். ஆங்கில ஆட்சியை வெறுத்த சுபாஷ், பல ஆண்டுகளுக்குப் பின் சுயசரிதம் எழுதியபோது, இந்த ஆங்கிலப் பட்டாள அதிகாரியை அன்போடு நினைவு கூர்ந்திருக்கிறார். நம்பி வேலை வாங்கினால் மாணவர்கள் எதையும் செய்வார்கள் என்று கிரே தம் சகாக்களிடம் வாதாடியவர்.

நான்கு மாத காலம் கோட்டையருகே மைதானத்தில் கூடாரங்களில் வாசம். விடியற்காலையில் கவாத்து, பிறகு துப்பாக்கிப் பயிற்சி, நடைப் பயிற்சி, இரவில் காவல். பின்பு பெல்காரியாவில் சில வாரம் சுடும் பயிற்சி. முடிவில் நடந்த சுடும் போட்டியில் மாணவர்கள் தமது போதகர்களையே தோற்கடித்தார்கள். முதல் நாள் நகைத்தவர்களுக்கு அதைவிட நல்ல பதில் வேறில்லை.

துப்பாக்கி வாங்குவதற்காகக் கோட்டைக்குள் அணிவகுத்துச் சென்ற நாளை அவர் கடைசிவரை மறக்கவில்லை. சாதாரண இந்தியன் உள்ளே நுழைய முடியாத இடம் அது. தமக்குப் பிறப்புரிமையான ஒரு பொருளை, அநியாயமாய்ப் பறிக்கப்பட்டிருந்ததை, திரும்பக் கைக்கொள்வதுபோன்ற திருப்தி அன்று உண்டாயிற்று என்பது அவர் எழுதியதன் சாரம். தெருவில் வழக்கமாய்த் தங்களை அதட்டும் போலீஸார் உடுப்பைக் கண்டதும் ஒதுங்கினார்கள் என்பதிலும் அந்த வாலிபர்களுக்கு ஓர் உற்சாகம்.

அந்நிய சர்க்காரின் உடுப்பைத் தேசபக்தர் அணியலாமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. அந்த யுத்தத்தில் இந்தியரின் ரத்தம் பிறருக்காகச் சிந்தப்பட்டது என்பது உண்மை. எனினும், வித்தையைக் கற்பது ஒன்று, கற்பித்தவனுக்கு அடிமையாவது வேறு. ஆயுதச் சட்டத்தால் நாற்பது ஆண்டுகள் கை கட்டப்பட்ட ஒரு ஜாதிக்கு, கதவு ஒருவிரற்கடை திறந்தாலும் உள்ளே காலை வைப்பதே புத்தி. சுபாஷ் அப்படித்தான் எண்ணினார் என்று நாம் கொள்கிறோம்.

இனிப் படிப்பின் விஷயம். பெற்றோர் கவனிக்க வேண்டியது இது. முகாமில் இருந்த நான்கு மாதமும் அவர் தர்க்கமும் தத்துவமும் படித்துக்கொண்டே கவாத்தும் செய்தார் என்று கதை கட்ட நாம் தயாரில்லை. ஒரே நாளில் இரண்டையும் பாதி பாதியாய்ச் செய்ய அவர் முயன்றவரல்ல. முகாமில் இருந்தவரை சிப்பாய். கூடாரம் பிரிந்த பின் மாணவர். பயிற்சி முடிந்ததும் கல்லூரிக்குத் திரும்பி, நான்காம் வருஷத்தில் புத்தகத்திலேயே ஆழ்ந்தார். 1919-ல் பி.ஏ. பரீட்சையில் தத்துவத்தில் முதல் வகுப்பில் தேறி, வரிசையில் இரண்டாவதாக நின்றார். நீக்கப்பட்ட மாணவர், பார்வை குறைந்த சிப்பாய், நான்கு மாதப் பாடத்தை விட்டவர் பெற்ற ஸ்தானம் இது. அவர் படிப்பில் ஓராண்டுக்கு மேல் தின்றது ஓட்டன் விவகாரமேயன்றிக் கவாத்து அல்ல. முகாம் தின்றதை அவர் ஒரு வருஷத்தில் ஈடு செய்துவிட்டார். அதற்குக் கல்லூரியும் இடம் கொடுத்தது என்பதை மறக்கலாகாது. சர்வகலாசாலையே திரட்டிய படையானதால், முகாமுக்குப் போனவன் திரும்பி வந்து வகுப்பில் உட்கார முடிந்தது. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எவ்வளவு உறுதியுள்ள பிள்ளையும் இரண்டில் ஒன்றை இழந்தே தீருவான்.

அதே ஆண்டு செப்டம்பரில் சீமைக்குக் கப்பலேறினார். எட்டு மாதப் படிப்பில் ஐ.ஸி.எஸ். பரீட்சையில் நான்காவதாகத் தேறியதையும், 1921 ஏப்ரலில் அந்த உத்தியோகத்தைத் துறந்ததையும் நாடு அறியும். கேம்பிரிட்ஜில் நடந்த மற்றொன்று அவ்வளவாய்ப் பேசப்படுவதில்லை. அங்கே மாணவர்களுக்கு ராணுவ அதிகாரிப் பயிற்சிப் படை ஒன்று இருந்தது. வெள்ளைக்கார மாணவர் சேரலாம். இந்திய மாணவர் சேரக்கூடாது. இதை எதிர்த்து இந்திய மாணவர் சங்கத்தின் சார்பில் வாதாடச் சென்றவர்களில் சுபாஷ் ஒருவர். இந்தியா மந்திரியின் காரியாலயம் தனக்கு ஆட்சேபமில்லை, யுத்த காரியாலயமே தடுக்கிறது என்றது. யுத்த காரியாலயமோ, இந்தியா மந்திரியின் காரியாலயமே தடுக்கிறது என்று கைகாட்டியது. கோர்ட்டுகளில் நாம் இத்தகைய பிரதிவாதிகளைப் பார்த்ததுண்டு. உள்ளே இருந்த பயம் வேறு: அப்படையில் தேறியவர்கள் பிரிட்டிஷ் சேனையில் அதிகாரிப் பதவி கேட்கத் தகுதி பெற்றுவிடுவார்கள். பதவி கேட்கமாட்டோம், பயிற்சி மட்டும் போதும் என்று மாணவர்கள் உறுதி கூறியும் பலன் இல்லை.

பின்னடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1928-ல் கல்கத்தா காங்கிரஸில் தொண்டர் படைக்குத் தலைவராகிச் சேனாபதி உடுப்பில் குதிரைமீது வந்தார். மகாத்மாவுக்கு அது ருசிக்கவில்லை. நமக்கும் அந்த ஆடம்பரம் சற்று அதிகமென்றே படுகிறது. ஆனால் அணிவகுப்பில் அவர் காட்டிய ஒழுங்கு மைதானத்துக் கூடாரங்களில் கற்றது. 1932-ல் ராஜாங்கக் கைதியாய் நம் சென்னைச் சிறையிலும் நோயுடன் சில காலம் கிடந்தார். 1938-லும் 1939-லும் காங்கிரஸின் அக்கிராசனராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, இரண்டாம் முறை கருத்து வேற்றுமையால் விலகினார். 1939 செப்டம்பர் 3-ந் தேதி சென்னைக் கடற்கரையில், இரண்டு லக்ஷம் பேர் என்று அவரே மதித்த கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதுதான், பிரிட்டன் யுத்தத்தில் இறங்கிய செய்தி தாங்கிய பத்திரிகை அவர் கையில் தரப்பட்டது.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் அவர் இந்திய தேசீய ராணுவத்தின் பொறுப்பை ஏற்றபோது, அவரிடமிருந்த முறையான பட்டாளப் பயிற்சி அந்த நான்கு மாதமும் சில வாரமுமே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரே நின்றவர்களில் ஒரு பகுதியார் பிரிட்டிஷ் இந்திய சேனையில் ஊறிய சிப்பாய்கள். மற்றவர்களில் ஏராளமானோர் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் கடைவீதிகளிலும் பிழைத்த தமிழர்கள். துப்பாக்கியை முன்பின் தொட்டறியாதவர்கள். ஜான்ஸி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய காப்டன் லக்ஷ்மி நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர். இவர்களால் சிப்பாயாக முடியாதென்று யாரும் கூறியிருந்தால், கிரேயின் கம்பெனியில் முதல் நாள் வேஷ்டியுடன் நின்றவர்களில் ஒருவர் அதை நம்பியிருக்கமாட்டார். இம்பால் முற்றுகை 1944-ல் தோற்றது. பசியாலும் நோயாலும் மாண்டவர் பலர். 1945 ஆகஸ்ட் 18-ந் தேதி பார்மோஸாவில் நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிர் நீத்தார் என்பதே சரித்திராசிரியர் பெரும்பாலோரின் முடிவு.

1917-ல் ஒருவிரற்கடை திறந்த கதவு பின்னர்ப் படிப்படியாய் அகன்றது. 1920-ம் வருஷத்துப் பிரதேசப் படைச் சட்டத்தின் கீழ்ச் சர்வகலாசாலைப் பயிற்சிப் படைகள் ஏற்பட்டன. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் தேசீய மாணவர் படைச் சட்டம் வந்தது. வேறு தொழில் செய்துகொண்டே தேசத்துக்குச் சில காலம் ஆயுதம் தாங்குவோருக்கான பிரதேச ராணுவத்தை 1949 அக்டோபர் 9-ந் தேதி கவர்னர்-ஜெனரலாயிருந்த ராஜாஜி தொடங்கி வைத்தார். மாணவர் படையின் ஸி சர்டிபிகேட் பெற்ற பட்டதாரிகள், எழுத்துப் பரீட்சையின்றியே நேர்முகத் தேர்வுக்குச் சென்று, பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர இப்போது வழியிருக்கிறது. அதற்குச் சர்டிபிகேட் மட்டும் போதாது. பட்டப் பரீட்சையிலும் நூற்றுக்கு ஐம்பது மார்க்கு வேண்டும். பத்து நாள் முகாமுக்குப் போன பிள்ளைக்கு அந்தப் பத்து நாளின் பாடத்தை எடுத்துச் சொல்ல நமது கல்லூரிகள் ஏற்பாடு செய்திருக்கின்றனவா என்பதை, சம்பளம் கட்டும் ராயபுரத்துத் தகப்பனார்கள் கல்லூரித் தலைவர்களிடம் நேரில் போய்க் கேட்கலாம்.